சிக்னல் பாறை அழகையா

"சாப்பிட்டியா? ஓவர்."

"சாப்பிட்டேங்க. நீங்க? ஓவர்."

"ஆச்சு. என்னா கொழம்பு? ஓவர்."

"நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்புதான். ஓவர்."

கேட்டவன் ரமேஷ்குமார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு எதிரே, ஒரு ரூபாய் பூத்தில் நின்றான். பதில் சொன்னவள் அவன் மனைவி வீரம்மா. சேரம்பாடிக்கு மேலே, கருங்கல்மட்டம் எஸ்டேட்டின் ஏழாம் நம்பர் மலையில், தோளில் கொழுந்துப் பையோடு நின்றாள். அவள் நின்ற சரிவுக்கு எந்தச் செல்போன் டவரும் எட்டாது. அவள் வாயருகே பிடித்திருந்தது எஸ்டேட் வயர்லெஸ் கைசெட்.

இருவருக்கும் நடுவே, முகட்டுப் பாறையின் மேல் அழகையா நின்றார். ஒரு கையில் செல்போன், மறு கையில் இன்னொரு கைசெட். புருசன் பேசும்போது போனின் காதைச் செட்டின் வாயில் வைத்துப் பொத்தானை அமுக்குவார். பெண்டாட்டி பேசும்போது பொத்தானை விட்டுவிட்டு, செட்டைப் போனின் வாயில் வைப்பார். யார் எப்போது முடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் ஓவர். சொல்லாவிட்டால் பாதிப் பேச்சு மலையிலேயே நின்றுவிடும்.

ஒரே ஒரு சங்கடம். எஸ்டேட்டில் இருந்த எல்லாக் கைசெட்டும் ஒரே சேனல். குடும்பப் பேச்சு அத்தனையும் எல்லார் காதிலும் விழும்.

"வீரம்மா, அந்தக் கருவாட்டுல எங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைங்க. ஓவர்," என்றது ஆற்றோரத்து மலையிலிருந்து ஒரு குரல்.

"ஒனக்கு முள்ளுதான் மிச்சம். ஓவர்," என்றாள் வீரம்மா. திருப்பூரில் ரமேஷ்குமார் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் அழகையா மலைக்கு அனுப்பிவைத்தார்.

அழகையா சிறுவயதில் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. கொழுந்து சுமந்தார், ஃபேக்டரியில் வாட்டும் தட்டுகளில் கொழுந்து பரப்பினார். பிறகு எஸ்டேட்டுக்கு வயர்லெஸ் வந்தபோது, காது நன்றாக இருக்கிறது என்று அவரைச் செட்டின் முன்னால் உட்காரவைத்தார்கள். உண்மையிலேயே நல்ல காதுதான். இரைச்சலுக்கு உள்ளிருந்து பெயரைப் பொறுக்கி எடுப்பார். பேச வாயெடுக்கும் முன் விடும் மூச்சை வைத்தே ஆள் யாரென்று சொல்வார்.

தேயிலை விலை விழுந்தது. விழுந்தது எழவில்லை. பச்சைக் கொழுந்து பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்றார்கள். ஃபேக்டரிப் புகைபோக்கி வாரத்தில் பாதி நாள் சும்மா நின்றது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். பெண்கள் மலையில் நின்றார்கள். லேண்ட்லைன் கம்பியை ஒரு மழைக்காலத்தில் யானை இழுத்துப் போட்டது. அதை எடுத்துக் கட்ட யாரும் வரவில்லை. கடைசியாக மிச்சம் இருந்த ஆபீசர் கீர்த்திவாசன், சமவெளிக்காரர், நல்ல மனிதர். தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதிப் பார்த்துவிட்டு, கைசெட்டுகளை என்ன செய்வது என்று அழகையாவிடமே கேட்டார்.

"பேசிக்கிட்டே இருப்போங்க தொரை. பேட்டரி இருக்கிற வரைக்கும்."

புதுப் பேட்டரி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். இருப்பதை வைத்து ஓட்டுவதுதான் அழகையாவின் வேலை ஆயிற்று. கேட்பதற்குப் பேட்டரி அதிகம் செலவாகாது. பேசுவதற்குத்தான் செலவாகும். எனவே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆம் இல்லை என்று சொல்ல வாயைத் திறக்கக் கூடாது. பொத்தானைத் தட்ட வேண்டும். தட்டினால் எதிர்ச் செட்டில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு தட்டு, கேட்டது. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு, முடியாது. அவசரமான பேச்சு இருந்தால் அழகையா "பூட்டு" என்பார். அந்தக் கணம் முதல் மற்ற எந்தச் செட்டும் பொத்தானைத் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் "திற" என்பார். பிறகு கருவாடு, கேலி, எதுவானாலும்.

போன் லயத்துக்கே பொது. எல்லாரும் சேர்ந்து வாங்கியது. யார் வீட்டுக்காரர் எந்தக் கிழமை கூப்பிட வேண்டும் என்று அழகையாதான் பிரித்துக் கொடுத்தார். ஆனால் அந்தப் பாறையில் ஒரு வேடிக்கை இருந்தது. மேற்குப் பக்கம் நின்றால் போனில் சிக்னல் கம்பிகள் முழுசாக நிற்கும். அது கேரளத்து டவர். நம் சிம் அங்கே செல்லாது. கூப்பிட்டால் போகாது, வந்தாலும் ஒலிக்காது. கிழக்குப் பக்கம், பாறையின் மறைவில் ஒண்டி நின்றால் ஒரே ஒரு கம்பி, அதுவும் வருவதும் போவதுமாக இருக்கும். அதுதான் பந்தலூர்ப் பக்கத்து டவர், நம்முடையது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முழுக் கம்பியை நம்பி மேற்கே நின்று, போன் கெட்டுவிட்டது என்று இறங்கிப் போவார்கள். அழகையா பாறையின் நடுவே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. அந்தப் பக்கம் கம்பி இருக்கும், பேச்சு இருக்காது."

மழை விட்ட ஒரு புரட்டாசிக் காலை. செட்டில் ஒரு மூச்சு வந்தது. வேலாமணியின் மூச்சு. நாலாம் நம்பர் மலையின் சூப்பர்வைசர், கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள். எப்போதும் கேலியோடு ஆரம்பிப்பவர், அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"அழகையாண்ணா. ஓடையோரமுங்க. பாம்பு."

"யாருக்கு?"



"உங்க ஊட்டுக்காரம்மாளுக்குங்க. கண்ணாடி விரியன். அடிச்சுப் போட்டாச்சு, நல்லாப் பாத்தனுங்க."

சின்னம்மை, அவர் மனைவி. அழகையாவின் குரல் மாறவில்லை. அது அவர் பழகிய வேலை. கையா காலா என்று கேட்டார். ஓடவிடாதீர்கள், தூக்கி வாருங்கள் என்றார். டிஸ்பென்சரி செட்டில் தபித்தாள் சிஸ்டரைக் கூப்பிட்டார். ஜீப்புக்கு ஆறுக்குட்டியைக் கூப்பிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் பொத்தானை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

ஆபீஸ் முற்றத்தில் ஜீப்பின் பின்சீட்டில் சின்னம்மையைக் கிடத்தினார்கள். காலை அசையாமல் பலகையோடு சேர்த்துத் துணியால் சுற்றியிருந்தார் தபித்தாள். புருசன் அருகே வந்ததும் சின்னம்மை சொன்னாள்:

"என்னப் பாக்காதீங்க. போயி செட்டப் பாருங்க."

"விஷமுறிவு ஊசி எங்க இருக்குன்னு தெரியலண்ணே," என்றார் தபித்தாள். "போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில தீந்துபோச்சுன்னு சொன்னாங்க. எதுலன்னு எனக்கு நிச்சயமில்ல. தப்பான எடத்துக்குப் போனா, திரும்பி வர நேரமிருக்காது."

ஆஸ்பத்திரி இரண்டு. ஒன்று கேரளப் பக்கம், மற்றொன்று கூடலூர்ப் பக்கம். எதற்குப் போனாலும் முக்குரோடு வரை ஒரே வழி, காட்டுக்குள் இறங்கும் வழி. முக்குரோட்டில் பிரிய வேண்டும். அங்கே கடை கிடையாது, ஆள் கிடையாது, எந்த டவரும் கிடையாது. கேட்டுச் சொல்லும் வரை ஜீப்பை நிறுத்திவைக்க முடியாது. ஜீப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அது முக்குரோட்டை அடையும் முன் சேதி அதை அடைய வேண்டும்.

"பள்ளத்துல எறங்கினா பேச்சு ஒடைஞ்சு போகுமுங்க," என்றார் ஆறுக்குட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

"பேச்சு வேணாம். தட்டுறேன். ரெண்டு தட்டுனா கேரளம். மூணு தட்டுனா கூடலூர். நான் தட்டுனத அப்படியே திருப்பித் தட்டுங்க. தட்டுனது சரியா வந்திருந்தா, நான் ஒரே ஒரு தட்டு தட்டுவேன். அந்த ஒத்தத் தட்டு கேக்காம திரும்பாதீங்க."

"சரிங்கண்ணா."

தபித்தாளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கியது. அழகையா செட்டில் "பூட்டு" என்றார்.

அத்தனை வருடத்தில் சாப்பாட்டு நேரத்தைத் தவிர, ஆபீசில் இருந்த பெரிய செட்டை விட்டு முற்றத்தைத் தாண்டி அவர் போனதே இல்லை. அன்று எழுந்தார். வாசலில் நின்ற கீர்த்திவாசனிடம் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தொரை. எதையும் தொடாதீங்க."

கீர்த்திவாசன் உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரை அவற்றை வெளியே எடுக்கவில்லை என்று பிறகு எல்லாரும் சொல்லிச் சிரித்தார்கள்.

அழகையா பாறைக்கு ஓடினார். ஏறினார். போனை எடுத்துப் பார்த்தார். கம்பி முழுசாக இருந்தது. சாமி புண்ணியம் என்று நினைத்துக் கூடலூர் எண்ணை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். போகவில்லை. கேரள எண்ணை அழுத்தினார். அதுவும் போகவில்லை. கம்பிகள் மட்டும் நிறைந்து நின்றன. போனை உதறினார். தூக்கிப் பிடித்தார். கீழே காட்டில் ஜீப்பின் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்துகொண்டிருந்தது. தலை குனிந்தபோது, கோடு கண்ணில் பட்டது. அவர் போட்ட கோடுதான். அவர் நின்றது அந்தப் பக்கம்.

ஊருக்கெல்லாம் கோடு போட்டவர் மேற்கே பார்த்து நின்றிருந்தார்.

தாண்டி வந்து பாறை மறைவில் ஒண்டினார். போன் கேரளத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. அணைத்து மறுபடி போட்டார். அது தேடியது. அவர் வெறுமனே நின்றார். வேறு செய்ய ஒன்றும் இல்லை. ஒரு கம்பி எழுந்தது. போனது. மறுபடி எழுந்தது. அந்த ஒற்றைக் கம்பியைப் போல் அழகான எதையும் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவர் பிற்பாடு சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, "சின்னம்மை கோவிச்சுக்குவா," என்பார்.

கூடலூர்ப் பக்கம் போனை எடுத்தவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: தீர்ந்துவிட்டது, நாளைதான் வரும். கேரளப் பக்கம் ஒரு பெண் எடுத்தார்.

"மருந்து உண்டு சேட்டா. எத்தற ஆளு?"

"ஒருத்தி. ஒரே ஒருத்தி."

"வேகம் கொண்டு வரூ. ஞங்கள் எடுத்து வெக்காம்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். கைசெட்டைத் தலைக்கு மேல் பிடித்தார். "ஆறுக்குட்டி, கேரளம், கேரளம்" என்று பேசிப் பார்த்தார். பதிலாக வந்தது இரைச்சலும் அதற்குள் உடைந்த ஒரு குரலும்தான். சொல் எதுவும் தேறவில்லை. பேச்சை விட்டார். பொத்தானை இரண்டு முறை தட்டினார்.

பதில் வந்தது: டக், டக், டக்.

மூன்று.

மறுபடி இரண்டு தட்டினார். மறுபடி மூன்று வந்தது. ஆறுக்குட்டி தப்பாகக் கேட்டாரா? இல்லை நடுவே வேறு யாரோ தட்டினார்களா? யாரென்று வாய் திறந்து கேட்டால் எல்லாரும் பதில் சொல்ல வருவார்கள், சேனல் சந்தையாகிவிடும். மூன்று கூடலூர். கூடலூரில் மருந்து இல்லை. அழகையா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் இரண்டு தட்டும் தூரத்துச் சத்தம். இரைச்சலோடு, நனைந்த மாதிரி வந்தன. மூன்றாவது பக்கத்துச் சத்தம். உலர்ந்து வந்தது.

அது ஜீப் இல்லை.

நாலாம் நம்பர் மலையில் வேலாமணியும் அதே மூன்றைக் கேட்டார். அவருடைய செட்டில் பொத்தானின் ரப்பர் தேய்ந்து ரொம்ப நாளாயிற்று. புது ரப்பர் வராததால் ஒரு நூலைச் சுற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் இருந்த செட்டைக் குனிந்து பார்த்தார். பொத்தானை அமுக்கினால் எரிகிற சிவப்பு விளக்கு தானாக மின்னி அணைந்தது. யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் சேனலைத் தொட வேண்டும். பேட்டரியைப் பிடுங்கித் தேயிலைச் செடிக்குள் வீசிவிட்டு, இனி தன் காதுக்கு எந்தச் சேதியும் வராது என்று தெரிந்தும், செத்துப்போன செட்டோடு வெறுமனே நின்றார்.

அழகையா மறுபடி இரண்டு தட்டினார்.

டக். டக்.

காத்திருந்தார். மூன்றாவது வரவில்லை. இரண்டும் நனைந்த சத்தம். ஜீப்புடையதுதான். கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, ஒரே ஒரு முறை தட்டினார்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஏழாம் நம்பர் மலையில் வீரம்மா பக்கத்துப் பெண்ணின் கையில் இருந்த செட்டை வாங்கி, பொத்தான் மேலே வருகிற மாதிரி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, எல்லாரையும் நாலு அடி தள்ளி நிற்கச் சொன்னாள். ஆற்றோரத்தில் கேலிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். பதினோரு மணி டீ வந்தது, டீ ஆறிப்போனது. யாரும் "என்னாச்சு" என்று கேட்கவில்லை. பேச்சே பிழைப்பாகக் கிடந்த ஒரு மலை, ஒருத்திக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. பிற்பகலில் பாறை மறைவில் அந்த ஒற்றைக் கம்பி வழியாகப் போன் ஒலித்தது. தபித்தாள் சிஸ்டர்.

"ஊசி போட்டாச்சு. கண்ணு தெறந்து பேசுறா. உங்கள செட்டப் பாக்கச் சொல்றா."

அழகையா கைசெட்டை எடுத்தார். பொத்தானை அமுக்கியபடி சும்மா நின்றார். அவருடைய மூச்சு மட்டும் எல்லா மலைக்கும் போயிற்று. வீரம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். பொத்தானைத் தொடாமலே சத்தம் போட்டுச் சொன்னாள், பக்கத்து வரிசைக்குக் கேட்கிற மாதிரி: "பொழைச்சுக்கிட்டா." அது வாய்மாறி வாய்மாறி, வயர்லெஸ் இல்லாமலே, நாலாம் நம்பர் மலைக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகுதான் அழகையா "திற" என்றார்.

சின்னம்மை திரும்பி வந்ததும், அழகையா லயம் லயமாகப் போனார். நன்றி என்ற சொல் அவர் வாயில் பழகாத ஒன்று. ஒவ்வொரு காம்பிரா வீட்டின் வாசலிலும் நின்று ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்:

"பேசாம இருந்தீங்களே."

வேலாமணி தங்கியிருந்த குவார்ட்டர்ஸுக்கும் போனார்.

"அந்தப் பேட்டரி கெடைச்சுதா?"

"எங்கீங்கண்ணா. செடியக் கவாத்து வெட்டுறப்பத்தான் ஆப்புடும்போல. அதுவரைக்கும் என்ற வாய் நெசமாலுமே பூட்டுத்தானுங்க."

"நீங்க வீசலைன்னா..."

"என்ற செட்டு தட்டினதுனால வந்த வெனதானுங்களே அது. அதுக்குப் போயி என்னைக் கும்புடறீங்க?"

அழகையா கும்பிட்ட கையை இறக்கவில்லை. வேலாமணியே பிடித்து இறக்கிவிட்டு, காப்பி வைக்கச் சொன்னார்.

கீர்த்திவாசனிடம் போனபோது அவர் கைகளைத் தூக்கிக் காட்டினார். "தொடவே இல்ல அழகையா."

"தெரியும் தொரை. அதுக்குத்தான் வந்தேன்."

காலம் போனது. எஸ்டேட் கைமாறியது. கைசெட்டுகளைப் புது நிர்வாகம் வாங்கிக்கொண்டது. பாறைக்குச் சற்று மேலே டவர் வந்தது. மேற்கே நின்றாலும் கிழக்கே நின்றாலும் கம்பி நிறைந்தது. சுண்ணாம்புக் கோட்டை மழை கழுவிக்கொண்டு போனது. திருப்பூருக்குப் போன ஆண்கள் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள்.

பாம்பு கடித்த அன்று மகள் இந்துமதி கோயம்புத்தூரில் பாலிடெக்னிக் விடுதியில் இருந்தாள். அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அம்மா பிழைத்த பிறகு, சிரிப்போடு. இப்போது அவளுக்குச் செல்போன் நெட்வொர்க்கில் வேலை. நகர்கிற ஆளை ஒரு டவர் விடும் முன் இன்னொரு டவர் பிடித்துக்கொள்ள வேண்டும், பேச்சு அறுபடக் கூடாது. இருக்கிற அலைவரிசையை எல்லாருக்கும் பங்கிட வேண்டும், அவசரத்துக்கு வழி விட வேண்டும். அதற்கான கணக்குகளை எழுதுவது அவள் வேலை. அவள் அலுவலகத்தில் அதற்கெல்லாம் பெயர்கள் உண்டு. அவள் அப்பாவுக்கு எந்தப் பெயரும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது எல்லாம், யாருக்கு யார் வேண்டும் என்பது.

போன ஐப்பசியில் அழகையா இறந்தார். காலைக் காப்பிக்குப் பிறகு, மார்வலி. ஜீப்புக்கு அவர் வேலை வைக்கவில்லை.

லயத்து முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திருப்பூரிலிருந்து ரமேஷ்குமாரும் வீரம்மாவும் வந்திருந்தார்கள். வயதாகிக் காது கேளாமல் போன ஆறுக்குட்டியை அவர் மகன் அழைத்து வந்திருந்தான். வேலாமணி கோயம்புத்தூரிலிருந்து பஸ் மாறி மாறி ஏறி வந்தார். எல்லார் பையிலும் போன் இருந்தது. ஒன்று ஒலித்து ஓய்ந்தால் இன்னொன்று ஒலித்தது. வழி கேட்டார்கள், எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்கள், ஒருவர் போனில் பக்திப் பாட்டு, ஒருவர் போனில் சினிமாப் பாட்டு.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சின்னம்மை நிமிர்ந்தாள். சத்தமாகச் சொல்லவில்லை.

"பூட்டு."

பழைய ஆட்கள் மறு பேச்சுப் பேசாமல் போன்களை அணைத்தார்கள். வேலாமணி தன் போனைத் திருப்பி, பேட்டரியைக் கழற்ற மூடியைத் தேடினார். அந்தப் போனில் மூடி இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தார். இளவட்டங்கள் ஒன்றும் புரியாமல் பெரியவர்களைப் பார்த்துத் தாங்களும் அணைத்தார்கள். முற்றம் முழுவதும் மெல்ல அடங்கியது. மழைக்குப் பிறகு தேயிலையில் சொட்டுகிற தண்ணீர் கேட்டது.

வெகுநேரம் அப்படியே இருந்தார்கள். வீரம்மா குனிந்து சின்னம்மையின் காதருகே சொன்னாள்:

"அக்கா. திறக்கச் சொல்றது இனி நீங்கதான்."

சின்னம்மை அழகையாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வலது கை. அந்தக் கட்டைவிரல்.

"இருக்கட்டும்," என்றாள். "இன்னுங் கொஞ்சம் இருக்கட்டும்."